பக்கத்தில் நிற்பவர் பேரு

இதை யாருக்கும் காட்டாதீங்கடி. வீட்டுக்குத் தெரிந்தால் என் படிப்பையே நிறுத்திவிடுவார்கள்.

மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் காலேஜ் அக்கா நமக்குக் கட்டிவிட்ட வாட்ச், இன்று சூலூர் பஸ்ஸில் அடித்தது. அடித்த உடனே அந்த நிமிட மனநிலையைக் கார்டில் எழுத வேண்டுமே. பஸ்ஸில் நான் எழுதுவது எப்போதும் 'பயம்'தான். வேண்டுமென்றே இடிக்கும் அந்த மீசைக்காரர் தினமும் என் பின்னால்தான் நிற்பார்.

இன்றும் நின்றார். கார்டில் அடுத்த கேள்வி: 'இப்போது உன் பக்கத்தில் யார்?'

கார்டும் பேனாவுமாகத் திரும்பினேன். "ஏனுங்க, உங்க பேரு சொல்லுங்க. எழுதோணுமுங்க."

"எதுக்கு அம்மணி?"

"காலேஜ்ல கேக்கறாங்க. நீங்க தினமும் இடிக்கறதையும் எழுதோணுமுங்க."

பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது. "புள்ள கேக்குதுல்லீங்க, சொல்லிப்போடுங்க" என்றார் கண்டக்டர்.

"ஊர்ப் பேரையும் சேத்திச் சொல்லுங்க" என்றார் பூக்கூடை அக்கா.

மீசைக்காரர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். அது அவர் ஸ்டாப்பே இல்லை.

பக்கத்தில் யார்? 'யாருமில்லை' என்று எழுதினேன். மனநிலை? 'சந்தோஷம்'. எழுத்து கோணலாகிவிட்டது, பரவாயில்லை.

உங்க பஸ்ஸிலும் இப்படிப் பேரு கேட்க வேண்டிய ஆள் உண்டா? சொல்லுங்கடி, பேனாவோடு நானும் வாரே—

அம்மா கதவைத் தட்டுறாங்க