மீன் பெட்டியில் செய்த கவசம்

முப்பத்து நான்கு வயதில், கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கொஸ்ப்ளே பைத்தியம் பிடித்தது. கார்ட்டூன் தொடர்களில் வருகிறவர்களைப் போல உடுத்துக்கொண்டு ஒரு மண்டபத்தில் கூடுவதற்குத்தான் அந்தப் பெயர். பரீட்சைத் தாள் திருத்தும் அலுப்பில் ஜப்பான் தொடர் ஒன்றைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதில் வெள்ளிக் கவசம் போட்ட படைத்தலைவி ஒருத்தி வருவாள். வாயே திறக்க மாட்டாள்; எல்லோரும் வழிவிடுவார்கள். நான் நாலு தரம் கத்தினாலும் முன்வரிசைகூட அடங்காது. ஒரு நாளாவது அவளாக இருந்து பார்க்க ஆசை வந்துவிட்டது. கொழும்பில் அப்படியொரு கூட்டம் நடக்கப்போவதை ஃபோனில் கண்டதும் முதலில் பெயரைப் பதிந்தேன். பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

என் கணவர் சாய்ந்தமருதில் மீன் மொத்த வியாபாரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"கவசம் என்னத்துல செய்யிற?"

"ரெஜிபோம்ல செய்யலாமாம்."

"அவ்வளவுதானா? நம்மட்ட மீன் பெட்டி சும்மா கிடக்கு. எத்தின வேணும்?"

மறுநாளே ஐஸ் போட்டு மீன் அடுக்கும், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் ஆறு வந்தன. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் தேய்த்தேன், வெயிலில் வைத்தேன். வாசம் போகவில்லை. நெஞ்சுக் கவசத்தை வெட்டி முடிப்பதற்குள் எங்கள் ஒழுங்கையின் பூனைகள் முழுக்க முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. கணவரின் உம்மா எங்களோடுதான் இருக்கிறார். பூனைகளை விரட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

"என்ன புள்ள இது, ஆமையா?"

"கவசம், மாமி."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

மாமி கவசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமையெண்டாலும் பொருந்தும்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழப் போனார்.

அடுத்த நாள் வெள்ளி நிற ஸ்ப்ரே பெயின்ட் வாங்கி வந்து அடித்தேன். முதலில் பளபளத்தது. பிறகு சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. குழிகள் ஓட்டைகளாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் இரண்டு கிழமை உழைப்பு சுருங்கிச் சப்பித் துப்பிய கரும்புச் சக்கையாகிவிட்டது. பெயின்டில் உள்ள கரைப்பான் ரெஜிபோமைக் கரைத்துவிடும். இது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. எந்தக் கரைப்பான் எதைக் கரைக்கும் என்று அந்தக் கிழமைதான் தரம் பத்துக்குப் படிப்பித்திருந்தேன். கவனிக்காத இரண்டு பேரை எழுப்பி நிற்கவும் வைத்திருந்தேன்.

இரண்டாவது கவசத்தைக் குழந்தைகள் தவழ விரிக்கும் தடித்த ஃபோம் விரிப்பில் வெட்டினேன். அதைச் சூடுகாட்டி வளைக்க வேண்டும். அயனை எடுத்தேன். கவசம் வளைந்தது, அயனும் கறுத்தது, அது தெரியாமல் மாமி தன் தொழுகை உடுப்பை அயன் பண்ணிவிட்டார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள், படைத்தலைவியின் நரைத்த கூந்தலைப் போல வர வேண்டுமென்று சாம்பல் நிற ஹிஜாபோடு நான் கண்ணாடிக்கு முன்னால் மல்லுக்கட்டுவதைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மயிர மறைக்கத்தானே புள்ள முக்காடு? அத மயிரு மாதிரியே கட்டினா என்ன கணக்கு?"

"மயிர் தெரியாதுதானே, மாமி."

"அது ஓம்தான்" என்றார். பிறகு பின்களை வாயில் கவ்விக்கொண்டு, நான் ஒரு மணித்தியாலமாகச் செய்ய முடியாததைப் பத்து நிமிடத்தில் மடித்துக் குத்தி முடித்தார். பின்னல்கூட விழுந்திருந்தது. முழு வேடத்திலும் உருப்படியாக இருந்தது அந்த ஒன்றுதான்.

கொழும்புக்குக் கணவரும் வந்தார். மண்டபத்தில் கவசத்தைப் போட்ட பிறகுதான் ஒரு விசயம் விளங்கியது. நான் அளவெடுத்தது முழுக்க நின்றபடி. என்னால் உட்கார முடியவில்லை. முழங்காலை மடக்கவும் முடியவில்லை. மேடைக்கு மூன்று படிகள். நண்டு மாதிரி பக்கவாட்டில், ஒரு காலை வீசி மறு காலை இழுத்து ஏறினேன். கூட்டம் கைதட்டியது. அதுதான் அந்தப் பாத்திரத்தின் நடை என்று நினைத்திருப்பார்கள். யாரும் வழிவிடவில்லை; பின்னால் வந்த பிள்ளை "அன்ட்டி, கொஞ்சம் கெதியா" என்றாள்.

படியேறும்போது நான் கொடுத்துவிட்டுப் போன என் ஃபோம் வாளைத் தோளில் சாத்திக்கொண்டு கணவர் கீழே நின்றார். சாரம், வெள்ளைச் சேர்ட், இடுப்பில் வியாபாரத்துக்குக் கட்டும் அகலமான பெல்ட், தலையில் தொப்பி. பெரிய கமராவோடு ஒரு இளைஞன் அவரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான்.

"அங்கிள், நீங்க எதிலருந்து?"

எந்தத் தொடர் என்றுதான் அவன் கேட்டான். இவருக்கு அது எப்படித் தெரியும்?

"சாய்ந்தமருதிலருந்து."

"நான் அது இன்னும் பார்க்கல்ல. நல்லமா?"

"நல்ல இடம். ஒரு நாளைக்கு வாங்களன்."

அவன் சிரித்துக்கொண்டே அவரை ஏழெட்டுப் படம் எடுத்தான். வாளை ஓங்கச் சொன்னான், இவரும் ஓங்கினார். நான் மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். "ஒரு நிமிசம், அக்கா" என்று கையால் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து விழாக்காரர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் படங்கள் வந்தன. பாடசாலையில் இடைவேளைக்கு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் தேடினேன். என் கணவர் மூன்று படங்களில் இருந்தார். மூன்றாவதன் ஓரத்தில் வெள்ளி பூசிய முழங்கை ஒன்று தெரிந்தது. அதை வட்டம் போட்டுக் காட்டி மாமிக்கு அனுப்பினேன்.