கப்பலின் பெயரை அழித்தவர்

ஐயா, அம்மையீர், அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் நான் சந்தித்த பெயிண்டர் ஒருவரைப் பற்றி உங்கள் காப்பகத்துக்கு எழுதுகிறேன். மெலிந்த தேகம், எந்நேரமும் நகக்கண்ணில் படிந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டேயிருப்பார். அமெரிக்க அரசு தடைப்பட்டியலில் சேர்த்த எண்ணெய்க் கப்பலொன்றின் பழைய பெயரை அழித்து, முதலாளி சொன்ன புதுப்பெயரை எழுதியவர் அவர். பட்டியல் பற்றிய செய்தியை நான் வாசித்துக் காட்டியதும் முகம் வெளிறினார்.

"அண்ணே, பேரை அழிச்சவன் பேரும் அந்த லிஸ்ட்டுல வருமா? வந்தா வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாதாமே! சூப்பர்வைசர் பாய், 'கலாஸ், விட்டுத்தள்ளு, உன் பேரு யாருக்குத் தெரியும்'னு சிரிக்கிறான்."

"வராது, தம்பி" என்றேன். நிச்சயமாகத் தெரிந்து சொல்லவில்லை. அதை அவரும் கண்டுகொண்டார்.

"எதுக்கும் என் பேரை எங்கயும் எழுதிராதீங்கண்ணே."

ஆகையால் இங்கும் எழுதவில்லை. பெயரில்லாத இக்குறிப்பைப் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.