பையில் இருப்பது பூனை

அறுந்த பைகளையும் பல்லிளித்த ஜிப்புகளையும் சரிசெய்து கொடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு ஜிப்பு அக்கா என்று பெயர். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. அதன் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. தையல் மெஷினுக்குப் பக்கத்து முக்காலியில், கிழிந்த காதோடு சாம்பல் நிறப் பூனை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாது, வருகிறவர்களை எல்லாம் முறைக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

மேனேஜருக்கு ஒரு தாய் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது, படகில் வந்தவர்கள் அக்காவை மட்டும்தான் ஏற்றிக்கொண்டார்கள். "உயிர் முக்கியமா, பூனை முக்கியமா?" என்று அதட்டினார்கள். அதுவும் உயிர்தானே என்று அவள் வாய் திறப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது. படகில் ஏறுவதற்கு முன், மறுநாளே திரும்பிவிடலாம் என்று நம்பி, தாயையும் குட்டியையும் பரணில் ஏற்றி, கிண்ணத்தில் தீனி வைத்து, மிரண்டு ஓடிவிடக் கூடாதே என்று சன்னலைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

திரும்ப ஒன்பது நாள் ஆனது. குட்டி காற்றுத் துளை வழியாக மொட்டை மாடிக்குத் தப்பியிருந்தது. தாயின் உடம்பு அந்தத் துளைக்குள் நுழையாது. சன்னலைச் சாத்தியது தன் கைதான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் மழைக்கு முன்பே வார்டு அலுவலகம் கூட்டம் போட்டது. தண்ணீர் ஏறினால் எல்லோரும் பள்ளிக்கூட மாடிக்கு வர வேண்டும். ஆளுக்கு ஒரு பை, பத்து கிலோவுக்குள். அடுத்த மாதம் ஒத்திகை.

"வீட்டுல பூனை, நாய் இருந்தா என்ன சார் செய்யறது?" அக்கா அதிகாரியிடம் கேட்டாள்.

"வீட்டுலயே விட்டுட்டு வாங்கம்மா. ரெண்டு நாளைக்குத் தீனி வச்சா போதும்."

"போன தடவை ஒன்பது நாள் ஆச்சு சார்."

பின்வரிசையிலிருந்து இஸ்திரிக் கடைக்காரர் குரல் கொடுத்தார். "மேனேஜருக்குத் தனிப் படகு கேளுக்கா!"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். செத்துப்போன ஒன்றைப் பற்றிப் பேசும்போது எப்படிச் சிரிப்பு வருகிறது? அக்கா எழுந்து வெளியே வந்தாள்.

அன்றைக்கே தைக்க உட்கார்ந்தாள். பக்கங்களில் வலை, அடியில் தடித்த ரெக்சின், உள்ளிருந்து நகத்தால் நெம்ப முடியாதபடி ஜிப்புக்கு ஒரு கொக்கி. வெளிப்பையில் தடுப்பூசி அட்டை, பத்து நாள் தீனி, அவளும் பூனையுமாக எடுத்த புகைப்படம். போன் நம்பரைத் துணியில் எழுதி உள்ளேயும் தைத்தாள். மேனேஜரை முதல் நாள் உள்ளே திணித்ததில் முழங்கை வரை கீறல். பிறகு தீனிக் கிண்ணத்தைப் பைக்குள்ளேயே வைக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் அது பைக்குள் சுருண்டு தூங்கியது.

ஒரு சாயங்காலம் இஸ்திரிக் கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, நம்ம கிழட்டு நாய்க்கும் தோள்ல தூக்கற மாதிரி ஒரு பட்டை..."

"எதுக்கு? அதுக்கும் தனிப் படகு கேக்கலாமே."

அவர் தலையைச் சொறிந்தார். அவள் அளவு நாடாவை எடுத்தாள்.

ஒத்திகை அன்று பள்ளிக்கூட வாசலில் தராசு வைத்திருந்தார்கள். அக்காவின் பை ஏழரைக் கிலோ. உள்ளிருந்து மேனேஜர் அதிகாரியை முறைத்தது.

"என்னம்மா இது?"

"என் பை. ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்க. எனக்குத் துணிமணி வேணாம், உடுத்தியிருக்கறதே போதும்."

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, போங்க. 'பை ஒன்று'ன்னு எழுதிக்கறேன். நான் கண்டும் காணாம இருந்துடறேன்."

உள்ளே போயிருக்கலாம். மேனேஜருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கால் நகரவில்லை.

"போன தடவையும் கண்டும் காணாமதானே சார் விட்டுட்டுப் போனீங்க? நீங்க மாத்தலாகிப் போனா அடுத்து வர்றவர் இந்த நோட்டைத்தான் பார்ப்பார். பூனைன்னு எழுதுங்க."

"அதுக்கு நோட்டுல இடமில்லம்மா."

"கோடு போடுங்க. ஸ்கேல் என்கிட்ட இருக்கு."

வரிசை தேங்கியது. யாரோ அலுத்துக்கொண்டார்கள். அவள் ஸ்கேலை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். அதிகாரி பெருமூச்சு விட்டு, பக்கத்தின் ஓரத்தில் கோடு இழுத்து, 'பூனை 1' என்று எழுதினார்.

நோட்டை மூடப் போனவரை இஸ்திரிக் கடைக்காரர் தடுத்தார். தோளில் கிழட்டு நாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூடிடாதீங்க சார். அதுக்குக் கீழயே நாய்."