அண்ணன் வேஷம் கேட்ட வேன் டிரைவர்

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை மேலே உயர்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த களத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில், நாங்கள் நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து வரலாம், ஒரு பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதையைத் தன் இஷ்டப்படி திருப்பலாம் என்று நான் கூவிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற வேனின் படியில் உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார். அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. எங்களை அங்கே கூட்டி வந்த டிரைவர்.

"நான் வரேன்மா. அந்த அண்ணன் வேஷத்த எனக்குக் குடு" என்றார்.

நான் கொடுக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், காபிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அறை இருந்தது. ஆறு பேர். கல்லூரியை முடித்துவிட்டு, வேலைக்குப் போகச் சொல்லும் வீட்டாரிடம் தவணை கேட்டுக்கொண்டு சுற்றிய கோஷ்டி. ஊர் ஊராகப் போய் இளைஞர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் உட்கார வைத்து, அவர்கள் வீட்டுக்குள் நடப்பதையே நடித்துக் காட்டுவோம். அந்த வருடம் நாங்கள் போட்ட நாடகம் பத்து நிமிடம்தான். தங்கை போனில் பேசிக்கொண்டிருப்பதை அண்ணன் பார்க்கிறான். போனைப் பிடுங்குகிறான், கத்துகிறான், நாளையிலிருந்து காலேஜ் கிடையாது என்கிறான். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை, அதோடு முடிந்துவிடும். ஒரு நாள் மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தபோது, எதிர் விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் சத்தம் கேட்டுப் படியேறி ஓடிவந்து, தங்கையாக நடித்த பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நாடகம் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அவரைப் போல ஒரு பார்வையாளர் எங்களுக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

கதை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுவோம். இந்த முறை பார்ப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்தலாம். கத்தியவர் வந்து தங்கையாகவோ அம்மாவாகவோ நின்று பேசிப் பார்க்கலாம். கூட்டத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் நின்று இதை நடத்துவது என் வேலை. என்னை நடத்துநர் என்று அறிமுகப்படுத்துவார்கள். சின்னப் பிள்ளைகள் என்னிடம் வந்து டிக்கெட் கேட்கும்.

ஒரே ஒரு விதி உண்டு. அண்ணன் வேஷத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கெட்டவன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் பிரச்சினையே இல்லாமல் போய்விடும். நிஜத்தில் அப்படி எவனும் ஒரே நாளில் மாறுவதில்லை, அவனை எதிர்கொள்ளத்தான் பழக வேண்டும் என்று சென்னையில் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன்.

டிரைவர் அண்ணன் அந்த நாடகத்தை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். நாடகம் முடிந்து திரும்பும்போது மட்டும் விமர்சனம் வரும். "இன்னிக்கு அண்ணன் கொரல் கம்மி. போன வாரம் ஜாஸ்தியா இருந்துச்சி, அதுதான் கரெக்ட்டு" என்பார். அண்ணனாக நடித்த எங்கள் பையன் அவர் வாயால் நல்ல பேர் வாங்குவதற்காகவே தொண்டை கட்டக் கத்துவான். அவருக்கு நடிப்பில் ஆசை போலிருக்கிறது என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம். அவர் வீட்டில் ஒரு தங்கை இருந்தாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். அப்பா இறந்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. அதிலிருந்து அவளை வளர்த்ததே அவர்தான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, நர்சிங் படிக்க வேண்டும் என்று கேட்டவளை வேண்டாம் என்று வீட்டோடு நிறுத்தியதும் அவர்தான். ஒரு வருடம் போய்விட்டது. அந்த ஜூன் மாதமும் விண்ணப்பம் போடாமல் விட்டால் இரண்டாவது வருடமும் போய்விடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வேனில் ஏறினால் ஏசி போடச் சொல்வோம், டீக்கடையில் நிறுத்தச் சொல்வோம்; வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அன்று அவர் கையைத் தூக்கியதும் நான் என் நோட்டில் இருந்ததைத்தான் ஒப்பித்தேன். "அண்ணா, அந்த வேஷத்த மட்டும் மாத்தக் கூடாதுங்க. தங்கச்சி, அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க, இதுல எது வேணாலும் எடுத்துக்கங்க."

அவர் கூட்டத்துக்கு நடுவே பாதி தூரம் வந்துவிட்டிருந்தார். "மாற வேண்டியவன் அவன்தானம்மா? அவன மட்டும் மாத்தக் கூடாதுன்னா எப்படி?" என்று கேட்டார்.

ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அதுவும் இல்லாம நீங்க நம்ம ஆளுண்ணா. ஊர்க்காரங்க வரட்டும்" என்றேன். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு, "சரி சரி, நீ நடத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கல்லூரிப் பெண் வந்து தங்கையாக நின்று அண்ணனை விளாசித் தள்ளினாள். நல்ல கைத்தட்டல். திரும்பி வரும்போது விமர்சனம் எதுவும் இல்லை. நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததில் அது எங்களுக்கு உறைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் அடி அண்ணாமலைக்குப் போனோம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்ததால் கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர்களின் கூட்டம். வேன் நகர்ந்து நகர்ந்துதான் போனது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் பேச ஆரம்பித்தார். யாரிடம் சொல்கிறார் என்றே முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அந்தக் கிராமத்திலிருந்து எங்களை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாராம். தங்கை வாசலில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாளாம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாராம்: "அப்ளிகேஷன் போடு. நானே கூட்டினு போறேன்."

அழுவாள், அல்லது எழுந்து ஓடி அம்மாவிடம் சொல்வாள் என்று நினைத்திருக்கிறார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீ போடச் சொல்றது இருக்கட்டும். போன வருசம் ஏன் வாணாம்ன? அத்தச் சொல்லு" என்றாளாம்.

"தூரம்மா. ஹாஸ்டல் எப்பிடி இருக்குமோனு..."

"அது நீ அம்மாகிட்ட சொன்னது."

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொல்லிவிட்டாராம். வேன் ஸ்டாண்டில் கூட இருக்கும் டிரைவர் ஒருவன், உன் தங்கச்சி பஸ் ஸ்டாண்டில் யார் கூடவோ சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாள் என்று நாலு பேர் முன்னால் சொன்னான். அந்த நாலு பேரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

"யார் கூட?" என்று கேட்டிருக்கிறாள்.

"தெரியாது. நான் கேக்கல."

"கேட்டிருக்கலாம் இல்ல?"

யாரோடு பேசினாள் என்று அவள் கடைசிவரை சொல்லவே இல்லையாம். இவர் உள்ளே போகவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கை அள்ளி உரிக்கத் தொடங்கியிருக்கிறார்.

வேனுக்குள், அண்ணனாக நடிக்கும் பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் வந்து எங்கள் அண்ணனிடம் கெஞ்சியிருக்கிறார்கள், சட்டம் பேசியிருக்கிறார்கள், போலீசுக்குப் போவேன் என்று மிரட்டியிருக்கிறார்கள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று எவரும் கேட்டதில்லை. எழுதிய எங்களுக்கும் தோன்றவில்லை. அவன் கெட்டவன், அதனால் கத்துகிறான். அதற்கு மேல் அவனைப் பற்றி எங்களிடம் ஒன்றும் இல்லை. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டுவிட்டாள்.

அவள் விண்ணப்பம் போட்டாள். வேலூரில் இடம் கிடைத்தது. முதல் ஆறு மாதம் அண்ணன் போன் செய்தால் 'ம்', 'சரி', 'அம்மாகிட்ட குடு' என்பதோடு சரி. அதையும் அவர்தான் வேனில் சொல்வார், குறையாக இல்லை, சேதி சொல்வதுபோல.

நாங்கள் நாடகத்தை மாற்றினோம். வேன் ஸ்டாண்டு காட்சி ஒன்றைச் சேர்த்தோம், நாலு பேர் முன்னால் அண்ணன் தலைகுனிந்து நிற்கிற காட்சி. அதைவிடப் பெரிய மாற்றம், விதியை எடுத்தேன். அண்ணன் வேஷம் கேட்டு யார் கையைத் தூக்கினாலும் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். கோஷ்டியில் மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளி, கல்லூரி என்று இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ அண்ணன்களும் அப்பாக்களும் மேடையேறி, "போய்ப் படிம்மா" என்று தங்கையின் தலையில் கை வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒருவரைத் திருப்பி அனுப்பிய பாவத்தை இப்படித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட வாசலில் அவரைப் பார்த்தேன். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். தலை பாதி நரைத்துவிட்டது. தங்கை வேலூரிலேயே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், கல்யாணம் ஆகி ஒரு பையன் என்றார். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு உங்கள ஏத்தியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்தார்.

"நல்லவேள ஏத்தல. ஏத்தியிருந்தா அங்கியே நல்ல அண்ணனா நடிச்சிருப்பேன். ஜனம் கைத்தட்டியிருக்கும். அந்தக் கைத்தட்டல வாங்கினு, மனசு லேசாயி, வீட்டுக்குப் போய் சாப்ட்டுப் படுத்திருப்பேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்மா."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் வேன் கதவைத் திறந்து வைக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று, இத்தனை வருடமாக மேடையில் ஏற்றி, கைத்தட்டி, வீட்டுக்கு அனுப்பி வைத்த அண்ணன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.