புடவைக் கடை வாசலில் நின்ற கால்

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மலேசியாவில் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போ நகரத்துக்கு வந்து, பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தால், ஒரு புடவைக் கடை வாசலுக்கு வரும்போது இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். ஐந்து நிமிடம் நின்றால் விட்டுவிடும். நடுத்தெருவில் நொண்டிக்கொண்டு நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை. சிகரெட் பற்றவைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் புடவை பார்ப்பதுபோல் நிற்பேன்.

உள்ளே ஒரு விற்பனைப் பெண் இருந்தாள். அவளைப் பார்த்ததே இல்லை என்றால் பொய். ஆனால் நின்றது காலுக்காக. இந்த வித்தியாசமெல்லாம் நம் சனங்களுக்கு எதற்கு? கதை என்னைவிட வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி மூன்று வாரம் சோறு போட்டாள், பேசவில்லை. பிறகு தன் அண்ணனை அனுப்பினாள்.

மரப்பட்டறையில் வேலை செய்கிற ஆள். கடை வாசலிலேயே என் சட்டையைப் பிடித்தார்.

"வெக்கமா இல்ல மச்சான்? நடங்க வீட்டுக்கு."

"கால் வலிக்குது லா. கொஞ்சம் நின்னு போலாம்."

நம்பாமல் இழுத்துக்கொண்டு போனார். இருபது எட்டுக்குள் நான் சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ்கட்டி போல இருந்தது. அடிக்க வந்த மனுஷன் மறுநாள் காலையில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் பாதத்தில் நாடி தேடினார், கிடைக்கவில்லை. பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தார். எனக்கு எரிச்சல்.

"வலி கீழ இருக்கு டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "கால் ரத்தக்குழாய்ல அடைப்பு. சின்ன வயசுல இப்படி இருந்தா கழுத்தையும் பாக்கணும். மூளைக்குப் போற குழாய்லயும் அடைப்புச் சத்தம் கேக்குது. முழுசா அடைச்சா ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கும், பேச்சும் போயிரும். இந்த ரோக்கோ, சிகரெட்டு, இன்னியோட விட்டுறணும்." கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக உண்மையாகவே பயந்தேன்.

மச்சான் வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"அந்தப் பொண்ணுக்காகத்தான் நின்னேன், காலுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிருங்களேன்."

அவளிடம் எத்தனையோ பொய் சொன்னவன் நான். அந்த ஒரு பொய் மட்டும் வாயில் வரவில்லை. சிகரெட் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.