வஜ்ரம் காய்ச்சிய விஜயதசமி

பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த வயலின்மேல் என் கணவர் உட்கார்ந்தது கல்யாணமான முதல் மாதத்தில். ஊஞ்சலில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ஆபீஸிலிருந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் பொத்தென்று உட்கார்ந்தார். நல்ல சரீரம். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், எழுந்து நின்று, "ஏற்கெனவே எங்கேயோ விரிசல் விட்டிருந்தது போலிருக்கே" என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் நான் இவரோடு பேசவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் இது யாருக்கும் பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை. "கல்யாணமானவளுக்கு வயலின் என்னத்துக்கு?" என்று மாமியார் சொன்னதோடு விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஏழு வயதிலிருந்து வாசித்தவள். சாதம் வடிக்கும்போது இடது கை விரல்கள் தாமாகக் கரண்டிக் காம்பில் சுரம் பிடிக்கும். இப்படியே விட்டால் அந்தக் கரண்டியோடு என் சங்கீதம் தீர்ந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

இவருக்கும் மனசு கேட்கவில்லை. புது வயலின் வாங்க அம்மாவின் சம்மதம் வேண்டும்; மரம் செதுக்க யார் சம்மதமும் வேண்டாம். மூர் மார்க்கெட்டில் வயலின் செய்வதைப் பற்றி ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் பக்கம் குமாஸ்தா வேலை பார்த்தவர் கொல்லைப்புறத்தில் தச்சராகிவிட்டார். சாமான் வந்த பெட்டியின் தேவதாருப் பலகை மேலுக்கு, பலாப் பலகை அடிக்கு. பக்கத்துச் சட்டங்களை நனைத்து, தணல் போட்ட பித்தளைச் சொம்பின்மேல் வைத்து வளைத்தார். அந்தச் சொம்பில்தான் அதுவரை வேட்டிக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தோம். வயலினுக்கு இடுப்பு வந்தது. ஆனால் ஒரு பக்கம் என்னைப் போலவும் மறுபக்கம் இவரைப் போலவும் வந்தது.

இதுவரை மாமியார் இதில் தலையிடவில்லை. ஒட்டுகிற கட்டம் வந்தபோதுதான் வினை வந்தது. புத்தகத்தில் சொன்ன பசை நம் தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்வதுதான், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. இந்த மனிதர் அதை வாயை மூடிக்கொண்டு செய்யக் கூடாதோ? புத்தகத்தை உரக்கப் படித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னார்.

"மாட்டுத்தோலா? இந்த ஆத்துலயா?" மாமியார் எழுந்தே விட்டார்.

"ஏம்மா, மிருதங்கம் தோல்தானே? அதைக் கோவில்லயே வாசிக்கறாளே!"

"அது தோல்னு கண்ணுக்குத் தெரியறது. இது தெரியாம உள்ள ஒட்டிண்டிருக்கும். அதுதான் தப்பு."

வஜ்ரம் வீட்டுக்குள் வரவில்லை. இவர் கோதுமை மாவைக் கிண்டி ஒட்டினார். கரப்பான் பூச்சிகள் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுப் போயின. பிறகு வேலம்பிசினைக் கரைத்து ஒட்டினார். அது பிடித்துக்கொண்டது! தந்தி மாட்டி வில்லைப் போட்டேன். மூக்கடைத்தவர் பாடுகிற மாதிரி ஒரு நாதம் வந்தது. எனக்கு அது தேவலோகமாக இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வாசிக்க ஆரம்பிக்கலாம் என்று மாமியாரே சொன்னார். வாத்தியம் என்று ஒன்று வீட்டில் இருந்தால் பூஜையில் வைத்துத்தானே ஆகவேண்டும், வைத்தால் விஜயதசமியன்று எடுத்துத்தானே ஆகவேண்டும்?

மாமியாருக்குப் பூஜையில் கஞ்சத்தனமே கிடையாது. அந்த வயலினுக்குச் சந்தனம் பூசினார் பாருங்கள், கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படிப் பூசமாட்டார்கள். பஞ்சபாத்திரத்திலிருந்து தீர்த்தம் தெளித்தார். போதவில்லை என்று மறுபடியும் தெளித்தார். வெளியே வேறு ஐப்பசி மழை. வேலம்பிசின் தண்ணீரில் கரையும் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் காலை கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளையார்மேல் ஒரு சின்ன கீதத்தை ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் வயலின் வாயைப் பிளந்தது. கழுத்து சாய்ந்தது, அடிப்பலகை என் மடியில் விழுந்தது. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு பறந்துபோய், கொலுவில் கடை விரித்திருந்த செட்டியார் பொம்மையின் அரிசிக் குவியலில் உட்கார்ந்தது. இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டையும் மாமியாரின் முகம் நிறுத்திவிட்டது.

"விஜயதசமியும் அதுவுமா ஆரம்பிச்சது பாதியில நிக்கறதே! ஆத்துக்கு ஆகுமோ? இன்னிக்கே ஒட்டுடா. எதால வேணா ஒட்டு."

"அம்மா, வஜ்ரம்தான் பிடிக்கும். அது மாட்டுத்..."

"நான் கேட்டேனா? நீ ஏண்டா சொல்றே?"

இவர் ராயப்பேட்டைக்கு ஓடி, மேஜை நாற்காலி செய்கிற சாயபுவை வஜ்ரச் சட்டியோடு அழைத்துவந்தார். சாயபு வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, ஒரு பக்கம் மட்டும் சாப்ட்டுக்கினே வளந்தா மாதிரி கீது?" கிணற்றடியில் சட்டி கொதித்தது. நாற்றத்தை எழுதி மாளாது. மாமியார் சாம்பிராணிக் கரண்டியோடு காவல் நின்று, "எங்காத்துக்குள்ள இது நுழைஞ்சதே இல்லை" என்றார்.

சாயபுவின் கண் கூடத்துப் பூஜை அலமாரிமேல் போனது. "அந்த அலமாரி நம்ம கடை வேலைதானேம்மா, அதுல..." என்று ஆரம்பித்தார். இவருக்குக் காசநோய்க்காரர் மாதிரி இருமல் வந்தது. சாயபு புரிந்துகொண்டார். "அதுல பாலீஷ் நல்லா நிக்குதேன்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தார்.

ஒட்டி, கயிறு சுற்றியதும், "மேல கனமா எதுனா வையுங்க" என்றார் சாயபு. நான் இவரைப் பார்த்தேன். இவர் என் பார்வையைத் தவிர்த்து, அம்மிக் குழவியைத் தூக்கிவந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குதிரையைச் செட்டியாரிடமிருந்து திருப்பி வாங்கித் தந்தி ஏற்றினேன். கீதத்தை முதலிலிருந்து வாசித்தேன். இரண்டாவது வரி தாண்டியது, மூன்றாவதும் தாண்டியது. ஒன்றும் பிளக்கவில்லை. முடித்தபோது என் கன்னமெல்லாம் கண்ணீர். அன்று நான் பட்ட சந்தோஷத்தைப் பிறகு எந்தக் கச்சேரி மேடையிலும் படவில்லை.

வில்லைக் கீழே வைக்கப் போனேன்.

"என்னத்துக்கு வைக்கறே? ஆரம்பிச்சாச்சோல்லியோ? இனிமே நிறுத்தப்படாது. நாளைக்கும் வாசிக்கணும், நாளன்னிக்கும் வாசிக்கணும்" என்றார் மாமியார்.

பயத்தில் சொன்னாரோ பிடித்துப்போய்ச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அடுத்த பாட்டை எடுத்தேன். வயலினிலிருந்து இன்னும் வஜ்ர வாடை வீசிக்கொண்டிருந்தது. மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தரையில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.