விளாவிய தண்ணீர்

மலாயாவில், காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். கப்பலில் கூட வந்த புருஷன் முதல் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். எனக்கென்று வேறு யாருமில்லை.

பிரசவத்துக்கு அங்கே வந்த பாப்பாத்திக்கும் அப்படித்தான். பிள்ளை செத்தே பிறந்தது. உடம்பில் தையல் போட்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்தான் அவளைக் குளிப்பாட்ட வேண்டும் என்று அங்கே வைத்தியம் பார்த்த டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேன். ஆறும்வரை காத்திருக்கத்தான் பொறுமையில்லை. வீட்டில் செய்வது போலத் தொட்டித் தண்ணீரை மொண்டு விளாவி, புறங்கையில் சூடு பார்த்து ஊற்றினேன்.

"ஒங்க கைப்பக்குவமே தனிக்கா," என்பாள், கண்ணை மூடிக்கொண்டு.

நான்காம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தையலில் சீழ். டிரஸ்ஸர் குளியலறைக்குள் வந்தபோது, தொட்டியில் மொண்ட குவளை என் கையில் இருந்தது.

"தினம் இப்படித்தான் கலக்குறியா?"

"சூடு தாங்க மாட்டாளேன்னுதாங்க..."

"தொட்டியில உள்ள கிருமியெல்லாம் இதுல வந்துருச்சேம்மா. அப்புறம் காய்ச்சி என்ன பிரயோசனம்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அதற்கு மூன்றாம் நாள் பாப்பாத்தி போய்விட்டாள். "ஒடம்பு எரியுதுக்கா, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று கடைசிவரை என்னைத்தான் கேட்டாள். நான் செய்ததை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் தண்ணீரைக் காய்ச்சி மூடிவைத்து, தானாக ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வெகுநேரம் ஆகிறது. என்னை அக்கா என்று கூப்பிடத்தான் யாருமில்லை.